சிவப்புச் சீமெந்துத் தரையை உடைக்க முதல்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்களும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு மாதமாக எங்கட வீட்டில் தரையைப் பற்றித்தான் பேச்சு. கடைசித் தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். நம்மட ஊர் வழக்கப்படி உம்மா இருக்கிற வீடு அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிசர்கள். காசு, நகை எதுவும் கேட்கவில்லை. "தரைக்கு மட்டும் டைல்ஸ் பதிச்சிட்டாப் போதும்" என்றார்கள். 720 சதுர அடி. பழையதை உடைத்து அள்ளி, டைல்ஸும் கூலியும் சேர்த்துப் பார்த்தால் நாலரை இலட்சத்தைத் தாண்டியது. வீட்டில் இரண்டு பேர் ஆசிரியர்கள். கடன் எடுத்தால் ஐந்து வருஷத்துக்குச் சம்பளத்தில் வெட்டுவார்கள்.

உடைக்கச் சொன்ன தரை 1994இல் வாப்பா போட்டது. மண்ணை இறுக்கி, கொங்கிரீட் போட்டு, சீமெந்தோடு சிவப்புத் தூளைக் கலந்து அரித்து, அடித்தளம் ஈரமாக இருக்கும்போதே மெல்லிசாகப் பூசி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கம் எடுத்தார்கள். பிறகு ஒரு கிழமைக்கு மேல் தண்ணீர் கட்டி வைத்தார்கள். மூத்தம்மா பொச்சுமட்டையால் பொலிஷ் போட்டுத் தேய்த்த தரை அது. இன்றைக்கு இரண்டு இடத்தில் வெடிப்பு இருக்கிறது. மற்றப்படி ஒரு குறையும் இல்லை.

இந்த நேரத்தில்தான் கொரியாவில் வேலை செய்யும் தம்பி வீடியோ கோல் எடுத்தான். வெளியே பனி கொட்டுகிறது, இவன் வெறுந்தரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான். "தரை சூடாயிருக்கு" என்றான். அந்த முறைக்குப் பெயர் ஒண்டோல். முந்திய காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்குக் கீழே கற்பலகைகளின் அடியால் ஓடவிட்டு, மறுபக்கம் புகைபோக்கியால் வெளியேற்றினார்கள். இப்போது சீமெந்துக்குள் குழாய் பதித்துச் சுடுதண்ணீர் ஓடுகிறது. அவர்களும் நம்மைப்போல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் இருந்து சாப்பிட்டு, தரையில் படுத்துப் பழகிய சனம்.

இதைத் தேடிப் படித்தபோது இன்னொரு வீட்டின் கதை கிடைத்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மெடிசன் நகரில், ஜேகப்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் குடும்பம், 5,000 டொலருக்கு வீடு கட்டித் தரமுடியுமா என்று ஃபிராங்க் லொயிட் ரைட் என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் கேட்டது. அவர் ஜப்பானில் ஒரு கொரிய முறை அறையில் இருந்து, அந்தத் தரைச்சூட்டில் மனம் பறிகொடுத்தவர். 1937இல் 5,500 டொலருக்கு வீடு முடிந்தது. சூட்டுக்குத் தரையின் கீழே குழாய். மேலே சிவப்புச் சாயமிட்ட சீமெந்து. மரப்பலகையும் கம்பளமும் இல்லை, அந்தத் தரையேதான் அலங்காரம். 2019இல் அந்த வீடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சம்பளத்தை எண்ணிச் செலவழித்த ஒரு குடும்பத்தின் சிவப்புச் சீமெந்துத் தரை!

இன்றைக்கும் குளிர் நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். நிலத்தில் ஈரம் ஏறாமல் பொலித்தீன் விரித்து, சூடு கீழே போகாமல் தடுப்புப் பலகை வைத்து, கம்பி வலையில் பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, தண்ணீரோ காற்றோ அடைத்துக் கசிவு பார்த்த பிறகுதான் கொங்கிரீட் ஊற்றுகிறார்கள். அது நன்றாக இறுகிய பின் சாயம் ஏற்றுகிறார்கள். அமிலச் சாயம் சீமெந்தில் உள்ள சுண்ணாம்போடு கலந்து நிறம் மாறுவதால் ஒரு தரையைப்போல் இன்னொன்று வராது. ஆட்கள் புழங்கும் இடத்தில் தரைச் சூடு 29 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம்மட பக்கம் சித்திரையில் காற்றே அதைவிடச் சூடு.

வெப்பக் கடத்தல் பற்றி நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிற அதே பாடம்தான் இது. சீமெந்து சூட்டை எளிதாகக் கடத்தும், நிறையச் சேர்த்தும் வைக்கும். அங்கே குழாயின் சூட்டை வாங்கி மெல்ல மெல்லக் காலுக்குக் கொடுக்கிறது. இங்கே நம்மட காலின் சூட்டை வாங்கி நிலத்துக்குக் கொடுக்கிறது. மின்விசிறி இல்லாத பகலில் உம்மா பாயைச் சுருட்டிவிட்டு வெறுந்தரையில் படுப்பதற்குக் காரணம் அதுதான்.

டைல்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. அதுவும் குளிர்ச்சிதான், துடைப்பது லேசு, உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். சீமெந்துத் தரை வெடித்தால் ஒட்டுப் போட்ட நிறம் பழையதோடு சேராது. ஈரத்தில் இரண்டும் வழுக்கும். ஆனால் நல்ல தரையை உடைத்து, அதன் மேல் ஐந்து வருஷக் கடனைப் பதிக்க வேண்டுமா என்பதுதான் எங்கட கேள்வி.

முடிவைத் தங்கச்சிதான் சொன்னாள். "கடன் கட்டுற வீட்டில எனக்கு நிம்மதியா இருக்க ஏலாது." அதை அப்படியே மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சொன்னோம். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு "ஆக்கள் என்ன சொல்லும்?" என்ற கவலை. இரண்டு கிழமை பதில் இல்லை. அந்த நாட்களில் எங்கட வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. பிறகு மாப்பிள்ளையே வந்து, தரை இப்படியே இருக்கட்டும் என்றார். ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரு பழைய மேசன் வெடிப்புகளை வெட்டி நிரப்பினார். ஒட்டின நிறம் தெரியத்தான் செய்கிறது. உம்மா வழுக்கி விழாமல் இருக்க குளியலறைக்கு மட்டும் சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம்.

உங்கட வீட்டிலும் இப்படித் தரை இருந்தால் முதலில் ஒரு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் நிறைய இடத்தில் வந்தால் உடைக்கத்தான் வேண்டும். சத்தம் கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பெண் வீட்டைப் பார்க்கப் போனால் கூரை ஒழுகுதா, கிணறு ஊறுதா, குளியலறை வழுக்குதா என்று பாருங்கள். தரையில் பாய் விரித்து எல்லோரும் ஒரே சஹனில் இருந்து சாப்பிடும்போது, கீழே டைல்ஸா சீமெந்தா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.