ஒரு செம்பு வெந்நீர்

குற்றாலநாதருக்கே அர்த்தஜாமத்தில் கஷாயம்தான் நைவேத்தியம். சுக்கு, மிளகு, கடுக்காய் எல்லாம் போட்டது. இருபத்து நாலு மணி நேரமும் அருவிச் சாரலில் இருக்கிறவருக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். சாமிக்கே இப்படி என்றால், எழுபத்தாறு வயதாகும் என் மாமியாருக்கு வெந்நீர் இல்லாமல் முடியுமா?

தென்காசியில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு. தார்சா, பட்டாசல், அதைத் தாண்டி அடுப்படி. ஆனி, ஆடி வந்துவிட்டால் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து காற்றும் சாரலும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகிற அந்த நாட்களில்தான் அத்தைக்கு இழுப்பு வரும். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு செம்பு வெந்நீர் குடித்தால்தான் நெஞ்சு இளகும். நான்கு வருஷமாக அந்த நேரத்தில் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பவள் நான்தான்.

எழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி எழுந்தேன் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? வாய் ஒன்றும் பேசாது. ஆனால் பாத்திரத்தை 'டங்'கென்று வைப்பேன். விளக்கு சுவிட்சைக் கொஞ்சம் பலமாகத் தட்டுவேன். அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும்.

போன ஆடியில் ஒரு ராத்திரி, அடுப்படியில் சத்தம் கேட்டு ஓடினேன். அத்தை தானே வெந்நீர் வைத்து, கை நடுங்கி, பாத்திரத்தோடு காலில் கொட்டிக்கொண்டிருந்தார். "என்னை எழுப்பக் கூடாதா அத்தை?" என்று கத்தினேன். "நீ அசந்து தூங்குதே. எதுக்குளா எழுப்பணும்னுதான்..." என்றார். பதறிப்போய் நான் இட்லி மாவை எடுத்து அப்பினேன். மறுநாள் டாக்டர் நன்றாகத் திட்டினார். சுட்ட இடத்தில் மாவு, மை, பற்பசை எதுவும் கூடாது, குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்ற வேண்டும், அதுதான் முதல் வைத்தியம் என்றார். கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனுக்குச் செய்தி போனது. "அம்மா, எங்க ஆபீஸ்ல ஒரு குழாய் இருக்கு. திருகினா கொதிக்கிற தண்ணி வரும். அடுப்படியில வச்சுத் தாரேன்" என்றான். அவன் சொன்ன விலையில் நல்ல ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கலாம்! வீட்டுக்கு இந்தக் குழாயைக் கொண்டுவர நினைத்தவர் நெதர்லாந்து நாட்டு ஹென்றி பெட்டேரி என்பவராம். 1970-ல் யூனிலீவர் கம்பெனியில் இருந்தபோது, உடனடி சூப் வருகிறது, அதற்கு உடனடி வெந்நீரும் வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியதாம். தொட்டிக்கடியில் சின்ன டாங்க் ஒன்றில் நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கும். வெளியே வரும்போது கொதித்துக்கொண்டு வரும்.

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் வீட்டுக் கணக்கு தெரியும். பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்டு. நாங்கள் குடிப்பதற்கு அது பெரிய செலவில்லை. ஆனால் எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அந்த டாங்கில் படியாதா? காற்றுக் காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்டு போனால், ராத்திரி மூன்று மணிக்கு என்ன செய்வது?

என் கணவர்தான் முக்கியமானதைக் கேட்டார். "கை நடுங்கித்தானே அம்மா கொட்டிக்கிட்டா? கொதிக்கிற தண்ணிக்குக் குழாயும் வச்சுக் கொடுக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கு வேண்டியது கொதிக்கிற தண்ணீரே இல்லை; குடிக்கிற பதத்தில் சூடான தண்ணீர். அறுபது டிகிரித் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலைச் சுட்டுவிடும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தோல் மெல்லிசு, இன்னும் சீக்கிரம் சுடும்.

அதனால் இப்படி முடிவு செய்தோம். அழுத்தினால் ஊற்றும் பிளாஸ்க் ஒன்று அத்தையின் கட்டிலருகே. ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் நிரப்பி வைக்கிறேன். மூன்று மணிக்கும் இதமாகவே இருக்கிறது. குளிக்க, பதினைந்து லிட்டர் கீசர் ஒன்று போட்டோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திர அட்டையும் பார்த்து வாங்கினோம். சூட்டை ஐம்பதில் நிறுத்தினால் ஒரு தடவைக்கு அரை யூனிட் போதும். பழைய வயரிங் என்பதால் தனி லைனும், எர்த்தும், கசிவு இருந்தால் உடனே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொன்னார் எலக்ட்ரீஷியன். செலவைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அத்தையைக் குளிக்க விடுகிறேன்.

பிளாஸ்க் வைத்த முதல் நாள் ராத்திரி மூன்று மணிக்குப் பழக்கத்தில் விழித்துக்கொண்டேன். பட்டாசலில் 'கிரீச்' என்று பிளாஸ்க் அமுங்கும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எதுக்கு எந்திரிச்சே? அதான் தண்ணி இருக்கே" என்றார்.

"சும்மாதான் அத்தை."

"எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு அருவியில அரை நாள் நின்ன உடம்புளா இது. ஒரு செம்பு வெந்நிக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டியதா போச்சேன்னுதான் மனசு கிடந்து அடிச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மகன் இன்னமும் குழாயைப் பற்றிக் கேட்கிறான். பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தச் சாரலுக்கு எங்களுக்குப் பிளாஸ்க் போதும். ஒன்பது மணிக்கு அதை நிரப்பும்போது பாத்திரத்தை மெதுவாகத்தான் வைக்கிறேன்.