நீலப் புகையும் வீட்டுக் கணக்கு நோட்டும்

எங்கள் நாமக்கல் பக்கம் டீசல் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். லாரி, வேன், டெம்போ என்று வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று நிற்கும். ஓட்டுவது ஆண்கள். வண்டிக்குச் செலவு வந்தால் மட்டும் நம் பக்கம் திரும்புவார்கள். வளையலோ சங்கிலியோ அடகுக் கடைக்குப் போகும். "எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்று கேட்டுவிட்டால், "அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது" என்று பதில் வரும். ஏன் புரியாது, சகோதரிகளே? குழாய் அடைப்பும் அடுப்புப் புகையும் நமக்குத் தெரியாத சமாசாரமா?

எங்களுடையது 2014-இல் வாங்கிய டர்போ வைத்த டீசல் வேன். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். விடுமுறை நாளில் கொல்லிமலை சவாரி. எழுபது கொண்டை ஊசி வளைவையும் முனகாமல் ஏறி இறங்கும் வண்டி. 2023 ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதற்கு ஒரு வியாதி பிடித்தது. பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் நின்றுவிட்டு, நகர்த்தி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும், பின்னால் குபுகுபுவென்று நீலப் புகை! "அக்கா, உங்க வேன் கிளம்பினாலே பாப்பா இருமறா" என்று ஒரு தாய் என்னிடமே சொன்னாள். அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இலேயே அறிவித்துவிட்டது. அந்தப் புகையைப் பச்சைக் குழந்தைகள் முகத்தில் விட்டுவிட்டு நாம் சோறு தின்பதா?

என் வீட்டுக்காரர் முதலில் காட்டிய பட்டறையில், "ரிங் தேஞ்சு போச்சுங்க, எஞ்சினை இறக்கணும். எண்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "எஞ்சின் நல்லா இருக்குது. டர்போதான் போச்சு. புதுசு போட்டா முப்பத்திரண்டாயிரம்" என்றார்கள். பெரிய மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. இரண்டு வைத்தியர் இரண்டு வியாதி சொன்னால் எதற்கு மருந்து தின்பது?

"இன்னும் ஒருத்தர்கிட்டக் கேட்டுப்போடலாமுங்க" என்றேன். லாரிகளுக்கு முப்பது வருஷமாக வேலை செய்கிற ஒரு பெரியவர் எங்கள் ஊரில் இருக்கிறார். நானும் கூடப் போனேன். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"புகை என்ன நிறமுங்க?"

இது தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி என்றார். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், காற்று போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் கோளாறாக இருக்கலாம். காலைக் குளிரில் வெள்ளையாகக் கொஞ்சம் வந்து மறைந்தால் பயமில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். நீலப் புகை என்றால் எரிவது எஞ்சின் ஆயில்.

"எப்போ வருது? எவ்வளவு ஆயில் குறையுது?"

இவர் தலையைச் சொறிந்தார். நான் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தேன்! பால் கணக்கு, மளிகைக் கணக்கோடு வேனுக்கு வாங்கும் ஆயிலையும் தேதி போட்டு எழுதுவது என் வழக்கம். பத்து நாளைக்கு ஒரு லிட்டர். அதாவது சுமார் அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். மே மாதம்வரை இடையில் ஆயில் ஊற்றியதாகவே கணக்கில்லை. மே கடைசியில் 'டர்போ பேக்கிங் மாற்றிய கூலி' என்று ஒரு வரி இருந்தது. பெரியவர் அந்த வரியில் விரலை வைத்து, "இதுதானுங்க அம்மிணி எனக்கு வேணும்" என்றார்.

ரிங் தேய்வது நாள்பட நடக்கிற காரியமாம். நேற்றுவரை நன்றாக இருந்து, ஒரு வேலை செய்த பிறகு திடீரென்று ஆயில் குடிக்க ஆரம்பித்தால், அந்த வேலையை முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். ரிங் போயிருந்தால் அந்த வாய் வழியாகப் புகை புஸ் புஸ்ஸென்று அடிக்கும். எங்கள் வண்டியில் லேசான ஆவிதான். இராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலமாகவிட்டு நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம். மலையிலிருந்து கியரிலேயே இறங்கி, கீழே வந்து ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் புகைந்தாலும் அதே சந்தேகந்தான். எங்களுடையது இரண்டிலும் சேரவில்லை.

பிறகு டர்போவுக்கு வந்தார். நத்தை ஓடு மாதிரி இருக்கும் அந்தச் சாமானைப் பற்றி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறு முனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலும் சுற்றுமாம்! அப்படிச் சுற்றும்போது அதைத் தாங்குவது மெல்லிய ஓர் ஆயில் படலந்தான். ஆயில் மேலே ஒரு சிறு குழாய் வழியாக அழுத்தத்தோடு வரும்; கீழே ரிட்டர்ன் பைப் வழியாகத் தானாக வடிந்து எஞ்சினுக்கே திரும்பும்.

இங்கேதான் நம் சமையலறை ஞானம் உதவுகிறது. பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய் திறந்திருக்கிறது, வடிகால் அடைத்துக்கொண்டது என்றால் என்ன ஆகும்? தண்ணீர் நிரம்பிச் சேலையை நனைக்கும். அதற்குக் குழாயையா மாற்றுவோம்? டர்போவும் அப்படித்தான். ரிட்டர்ன் பைப் அடைத்தால் ஆயில் தேங்கி, இரண்டு பக்கமும் கசியும். ஒரு பக்கம் சைலன்ஸருக்குள் போய் எரியும். மறு பக்கம் காற்றோடு எஞ்சினுக்குள் போய் எரியும். வண்டி நிற்கும்போது சேர்ந்த ஆயில், கிளம்பும்போது மொத்தமாகப் புகைகிறது. பள்ளி வாசல் மர்மம் இதுதான்!

எஞ்சின் ஆறிய பிறகு காற்று ஹோஸைக் கழற்றினார். உள்ளே ஆயில் பிசுபிசுப்பு லேசாக இருப்பது சகஜமாம். குளமாகத் தேங்கினால்தான் தப்பு. எங்கள் ஹோஸில் ஒரு கரண்டி ஆயில் தேங்கியிருந்தது. சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், ஆனால் இறக்கை சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவது தெரியவே கூடாது. எங்கள் டர்போ இரண்டிலும் தேறிவிட்டது. கடைசியாக ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினார். பேக்கிங்கோடு தாராளமாகத் தடவிய பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, வழியை முக்கால்வாசி அடைத்திருந்தது! மேலே கரியும் படிந்திருந்தது. சுண்டுவிரல் அகலக் குழாயில் குண்டூசி நுழையும் வழிதான் மிச்சம்.

பைப்பைச் சுத்தம் செய்து, புதுப் பேக்கிங் வைத்து, ஏர் ஃபில்டரும் ஆயிலும் மாற்றி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் வடித்துக் கழுவினார். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து இருநூறு ரூபாய். "சைலன்ஸர்ல ஊறின ஆயில் எரிஞ்சு தீரணும். ரண்டு மூணு நாளைக்குப் புகையுமுங்க, பயப்படாதீங்க" என்றார். அப்படியே நாலாம் நாள் புகை நின்றது. அடுத்த ஐயாயிரம் கிலோமீட்டருக்கு நான் நோட்டில் எழுதியது அரை லிட்டர் மட்டுமே.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு சுளுவாக முடியாது. டர்போ நிஜமாகவே போயிருக்கும்; ரிங்கும் போயிருக்கும். ஆனால் டர்போ போனாலும் ஏன் போயிற்று என்று பார்க்காமல் புதுசை மாட்டினால், அந்தப் புதுசும் சீக்கிரமே போய்விடும். அழுக்கு ஆயில், அடைத்த பைப், அடைத்த ஃபில்டர், எஞ்சின் ஆவி வெளியேறும் குழாயின் அடைப்பு எல்லாவற்றையும் முதலில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் பெரியவர் சொன்னார். கசியும் ஆயில் அளவு மீறி எஞ்சினுக்குள் போனால், எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது! வண்டி நின்ற இடத்தில் இப்படி ஆனால், கியர் போடும் வண்டியில் பிரேக்கை நன்றாக அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அதற்கு வழியில்லை என்றால் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு தூரப் போய்விட வேண்டும். காற்று இழுக்கும் வாயில் கையை வைக்கவே கூடாது. ஆகவே நீலப் புகையை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அவற்றின் சைலன்ஸர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருப்பதால் கோளாறு சீக்கிரத்தில் புகையாகத் தெரியாது. எரிந்த ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டரையே அடைத்துவிடும். அவர்களுக்கு ஆயில் குச்சிதான் துணை. அளவு குறைந்தாலும் கவனிக்க வேண்டும். ஏறினாலும் கவனிக்க வேண்டும். ஏறினால் ஆயிலில் டீசல் கலக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வாரம் ஒரு நாள், வண்டி சமதரையில் ஆறி நிற்கும்போது, குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். அதைக் கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். சமையல் முடித்துக் கை கழுவுகிற நேரந்தான் ஆகும். ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாமல் இருக்கவும், மலையேறி வந்ததும் ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைக்கவும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 'எஞ்சின் இறக்கணும்' என்று யாராவது சொன்னால், "புகை எப்போ வருது, ரிட்டர்ன் பைப்பைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வளையலைக் கழற்றலாம்.