அம்மாவின் அறைக்கு என்ன நிறம்?

போன பொங்கலுக்கு முன் பேரையூர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தம்பி ஏற்பாடு செய்தான். "கலரெல்லாம் அக்கா பாத்துச் சொல்லட்டும். அதுக்குத்தான் ரசனை இருக்கு" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டில் எனக்குப் பங்கில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு நிறம் தேர்வு செய்யும் வேலையே கிடையாது. மார்கழி கடைசியில் சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். ஆறியதும் வடிகட்டி, கொஞ்சம் நீலப்பொடி கலந்து, மட்டையால் அம்மாவே அடிப்பாள். அடியில் காவிப் பட்டை. தெருவே அப்படித்தான் இருந்தது. இன்றைக்குக் கடையில் நூற்றுக்கணக்கான நிறங்களைக் கொண்ட அட்டையைக் கையில் தருகிறார்கள்.

நான் படித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். 1704இல் வெளியான ஒளியியல் நூலில் நியூட்டன் நிறங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் செம்மைப்படுத்திய வட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் சேர்ந்தால் அமைதி. எதிரெதிரே இருப்பவை சேர்ந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருந்த நிறத்தில் இருந்தது. 1839இல் அதை நூலாக எழுதினார். எந்த நிறத்துக்கும் தனிக்குணம் இல்லை, அண்டையில் இருப்பதே அதன் அழகைத் தீர்மானிக்கிறது.

எனவே மாற்ற முடியாததிலிருந்து தொடங்கினேன். எங்கள் வீட்டுத் தரை சிவப்பு ஆக்சைடு. அதற்கு ஒத்துப்போக நடுவீட்டுக்கு மணல் நிறம், கதவு ஜன்னலுக்குக் கரும்பச்சை, அடுப்படிக்கு இளம்பச்சை. சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துவிட்டுக் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் டியூப்லைட்டிலும் பார்த்தேன். அம்மாவின் அறை சின்னது, ஒரே ஜன்னல். வெளிச்சம் பரவட்டும் என்று தந்த வெள்ளை எழுதிக் கொடுத்தேன்.

பெயிண்டர் வாளியைத் திறந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ரூமு யாருக்கு?"

"ஒனக்குத்தாம்மா."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்கல?"

பதினோரு வருடமாக அம்மா வெளிறிய சேலைகளைத்தான் கட்டுகிறாள். யாரும் கட்டு என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்துக்கொடுத்ததெல்லாம் அந்த நிறங்கள்தான். பெண்ணியம் பேசும் மகள் அதே வெள்ளையை ரசனை என்ற பேரில் நாலு சுவருக்கும் பூசப் பார்த்திருக்கிறேன். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்ன கலரும்மா வேணும்?"

"கத்தரிப்பூக் கலரு."

பெரிய அத்தை முகத்தைச் சுளித்தாள். "இந்த வயசுல எதுக்கு மதினி இந்தக் கலரு?" அம்மா பதில் சொல்லவில்லை. பெயிண்டரோ தம்பியைப் பார்த்தார். "எங்கள ஏன் பாக்குற? நான் சொல்றத அடிப்பா" என்றாள்.

ஜன்னலுக்கு என்ன நிறம் என்று கேட்டேன். "மஞ்ச. கத்தரிப்பூவுக்கு நடுவுல என்ன இருக்குன்னு நீ பாத்ததே இல்லையாடி?"

நிறவட்டத்தில் ஊதாவுக்கு நேரெதிர் மஞ்சள். நான் நூலில் படித்ததை அவள் கொல்லையில் பார்த்திருக்கிறாள். சுங்குடிச் சேலையின் உடலையும் கரையையும், பூக்கட்டும்போது கனகாம்பரத்துக்கு நடுவே வைக்கும் மருக்கொழுந்தையும் நினைத்துக்கொண்டேன். இந்தப் பெண்களின் கைகளுக்கு இதெல்லாம் காலங்காலமாகத் தெரியும்.

நெடுநல்வாடையில் அரசியின் பள்ளியறை வருகிறது. வெள்ளிபோல் ஒளிரும் சுதை, நீலமணிபோல் கரிய தூண்கள், செம்பில் செய்ததுபோன்ற சுவர், அதில் பூக்கொடி ஓவியம். எத்தனை பொருத்தமான நிறங்கள்! உள்ளே அரசி நகைகளைக் களைந்துவிட்டுக் கண்ணீரோடு கிடக்கிறாள். இருபது வருடமாக அந்தப் பகுதியை வியந்து பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சுவருக்கு நிறம் சொன்னது யார் என்று ஒருமுறைகூட வகுப்பில் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைச் சட்டம் கொடுத்தது. என் கல்யாணம் அதற்குப் பல வருடம் கழித்துத்தான். ஆனாலும் அப்பா இறந்த பிறகு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அடுத்து அம்மாவும் போட்டாள். பத்திரத்துக்கு விடுதலை என்று பெயர் வைத்தவர்கள் சொல்லறிந்தவர்கள்தான்.

பெயிண்ட் காய்ந்த அன்றிரவு அந்த அறையில் அம்மாவோடு படுத்திருந்தேன். விளக்கை அணைக்கப் போனபோது, "அன்னைக்கு ஆபீசுல கையெழுத்துப் போடச் சொன்னப்பவும் நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேடி" என்றாள்.

கோபம் இல்லை, சும்மா சொல்வதுபோல் சொன்னாள். என்னிடம் பதில் இல்லை. விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டேன். சுவர் நன்றாகத்தான் இருந்தது. வீடு தம்பி பேரில் இருந்தது.