வள்ளம் புறப்படுமுன்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, வாஷிங்டன் மாநிலத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாழும் ஆதிக்குடி மக்கள் பெரும்பாலான கோடைகளில் ஒரு கடற்பிரயாணம் மேற்கொள்கின்றனர். ஒரு குடி அழைப்பு விடுக்கும். ஏனைய குடிகள் தத்தம் வள்ளங்களில் துடுப்பு வலித்து, கரைக்குக் கரை தங்கி, அங்கே போய்ச் சேரும். சிலர் இரண்டு மூன்று வாரங்கள் கடலில் வருவார்கள். துடுப்புப் போடுவோரை அவர்கள் 'இழுப்பவர்' என்றே அழைக்கின்றனர். நம்மவர் துடுப்பு 'வலித்தல்' என்பதும் அதுவேயன்றோ! வள்ளத்தைப் படகு என்று வாய்தவறிச் சொல்பவர் குளிர்ந்த கடலில் குதித்து நீந்தவேண்டும் என்பது அவர்களுக்குள் வழங்கும் வேடிக்கைத் தண்டனை.

இது அறுபடாமல் வந்த வழக்கமன்று. பொட்லாச் என்னும் விருந்துச் சடங்கைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்து வைத்திருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தனர். மோட்டர் படகுகளும் வந்தன. வள்ளம் செதுக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைய, பெரிய வள்ளங்களை நூதனசாலைகளிலே பார்க்கும் நிலை உண்டாயிற்று.

1986இல் பெல்லா பெல்லாவைச் சேர்ந்த ஹெய்ல்சுக் மக்கள் புதிதாகச் செதுக்கிய வள்ளத்தில் வான்கூவர் பொருட்காட்சிக்குத் துடுப்பு வலித்து வந்தார்கள். 1989இல் வாஷிங்டன் மாநிலத்தின் நூற்றாண்டு விழா. அதிலே ஆதிக்குடிகளுக்கும் ஓர் இடம் வேண்டுமென்று குவினால்ட் குடியைச் சேர்ந்த கல்வியாளர் எம்மெட் ஒலிவர் முனைந்து, சியாட்டிலுக்கு வள்ளப் பிரயாணம் ஒன்றை ஒழுங்கு செய்தார். முதல் இடைஞ்சல் மரம். ஒரே அடிமரத்தில் வள்ளம் குடையப் பல நூற்றாண்டு வயதான செஞ்சிடார் மரம் வேண்டும். அத்தகைய மரங்கள் பெரும்பாலும் வெட்டி விற்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றைப் பெறுவதற்கு அனுமதி கேட்டு அலையவேண்டியிருந்தது. அன்று ஹெய்ல்சுக் குடியின் ஃபிராங்க் பிரவுன், 1993இல் எல்லோரும் பெல்லா பெல்லாவுக்கு வரவேண்டும் என்று அழைத்தார். வந்தார்கள். அதன்பின் இந்தப் பிரயாணம் நிலைத்துவிட்டது.

மரத்தைக் குடைந்தால் மட்டும் போதாது. குடைந்த வள்ளத்தில் தண்ணீர் நிரப்பி, நெருப்பிலே பழுக்கக் காய்ந்த கற்களைப் போடுவார்கள். எழும் ஆவியில் மரம் இளகும். அப்போது குறுக்குச் சட்டங்களை இறுக்கிப் பக்கங்களை மெல்ல மெல்ல விரிப்பார்கள். அவசரப்பட்டால் பல மாத வேலை ஒரு நொடியில் பிளந்து போகும். அன்று பார்க்க வருபவர்களும் சும்மா நிற்பதில்லை; கல் சுமப்பார்கள், விறகு போடுவார்கள்.

வள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால், கரையிலே அவர்களுக்காக உழைப்பவர் தொகை அதனினும் அதிகம். கூடாரங்களையும் சமையற் பாத்திரங்களையும் வாகனங்களில் ஏற்றி அடுத்த கரைக்கு முன்னதாகவே போய் நிற்பவர்கள் உண்டு. களைத்தவருக்குப் பதிலாள் ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே வரும் மோட்டர் படகுக்காரர் உண்டு. அழைத்த குடியினரோ ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடவேண்டும். கொடுத்தனுப்பும் பரிசுகளை முன்கூட்டியே செய்து சேர்க்கவேண்டும். பத்திரிகைப் படங்களில் வள்ளமும் துடுப்பும் விழுகின்றன, சமையற்காரி விழுவதில்லை.

உடலை ஆயத்தம் செய்வதில் ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அந்தக் கடல் கோடையிலும் 10 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். இத்தகைய நீரில் விழுபவரை முதலில் கொல்ல வருவது உடற்சூடு குறைவதன்று, மூச்சுத் திணறல். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1, 10, 1 என்று சுருக்கிச் சொல்வார். ஒரு நிமிடத்துக்குள் மூச்சைக் கட்டுப்படுத்தவேண்டும். பத்து நிமிடம் வரையே கைகால்கள் சொற்கேட்கும். நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணித்தியாலம் செல்லும். மிதவைச் சட்டை அணியாதவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிட்டுவதேயில்லை. நல்ல நீச்சல்காரரும் இதற்கு விலக்கல்லர். தூக்கியெடுத்தவரை நடக்க விடலாகாது, கிடத்தியே வைத்திருக்கவேண்டும். கைகால்களைத் தேய்ப்பதும் சாராயம் கொடுப்பதும் தீங்கு. குளிர்ந்த இதயம் சிறு அசைவிலும் தாளம் தப்பும்.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. 2006 ஜூலையில் டங்கனஸ் முனைக்கு அருகே ஒரு வள்ளம் கவிழ்ந்து, வயோதிபரான பரம்பரைத் தலைவர் ஒருவர் உயிரிழந்தார். உடனிருந்தவர்கள் குளிரில் விறைத்த நிலையில் மீட்கப்பட்டார்கள். ஆதலால் புறப்படுமுன் கவிழ்ந்து எழும் பயிற்சியை வேண்டுமென்றே பழகுகிறார்கள். இன்சுலின் ஏற்றுவோர் பலமணி நேரம் துடுப்பு வலித்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். அவர்கள் அருகிலே இனிப்பு வைத்திருத்தல் அவசியம்.

பிரயாணம் முழுவதும் மதுவும் போதைப்பொருளும் கூடாது. குடியினால் பாதிக்கப்பட்ட குடும்பத்து இளைஞர் பலர், கோடையில் வள்ளத்தில் இடம் வேண்டுமென்பதற்காகவே மாரி முழுவதும் தம்மைக் கட்டுப்படுத்திப் பயிற்சிக்கு வருகின்றனர். பெரிய வைத்தியசாலைகள் செய்ய முடியாததைச் சில வேளைகளில் இந்தக் காத்திருப்புச் செய்துவிடுகிறது.

போய்ச் சேர்ந்ததும் உடனே கரையேற மாட்டார்கள். வள்ளங்கள் வரிசையாய் நீரில் நிற்கும். தலைவர் எழுந்து, தாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, கரையேற அனுமதி கேட்பார். கரையிலிருந்து வாருங்கள் என்று குரல் வரும். அந்நேரம் சமையற்கூடத்திலே மீன் வெந்துகொண்டிருக்கும்.