கோடியக்கரையிற் கற்ற பாடம்

சென்ற மார்கழி விடுமுறையில் யாம் நண்பர் இருவருடன் கோடியக்கரைக்குச் சென்றிருந்தோம். வேதாரணியத்து உப்பளங்களைக் கடந்து சதுப்பு நிலத்தை அடைந்தபோது, வடபுலத்தினின்று வந்த பறவைகள் கூட்டங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. யாம் அவற்றின் பெயர்களை ஆங்கிலத்திற் சொல்லிக் களித்தோம். அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நகைத்து, "அது பூநாரை, இது உள்ளான், மேலே பறப்பது ஆலா" என்றார். பின்னர், "இப்பொழுது வீசுவது என்ன காற்று, தம்பி?" என வினவினார். யாம் விழித்தோம். "வாடை, கொண்டல், சோழகம், கச்சான் இவையெல்லாம் காலேஜிலே சொல்லித் தருவதில்லையோ?" என்றார். தலை குனிந்தோம்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்து மலைநாட்டினரான காஸ்பர் டெகுர்டின்ஸ் (1855–1916) என்பாரைப் பற்றிப் படித்தது நினைவிற்கு வந்தது. வரலாறு கற்று அரசியலிற் புகுந்த அவர், சிறுபான்மையோர் பேசும் ரோமாஞ்சு மொழியின் கதைகளையும் பாடல்களையும் தொகுத்துப் பல தொகுதிகளாக அச்சேற்றினார். அவர் மறைந்தபின், 1938இல், அம்மொழி அந்நாட்டின் நான்காம் தேசிய மொழியாயிற்று.

நம் தஞ்சையிலும் அத்தகையார் ஒருவர் வாழ்ந்தனர். கரந்தைத் தமிழவேள் உமாமகேசுவரனார் (1883–1941) அவர். தொழிலால் வழக்கறிஞர். 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதற்றலைவராகி, முப்பது ஆண்டுகள் வாழ்நாள் இறுதிவரை அப்பொறுப்பைத் தாங்கினார். தாலுகா போர்டின் தலைவராயிருந்தபோது சிற்றூர்களிற் பள்ளிகள் திறப்பித்தார். அவர் தலைமையிற் சங்கம் 1925இல் தொடங்கிய 'தமிழ்ப் பொழில்' இதழில் சதாசிவ பண்டாரத்தார் போன்ற வரலாற்றறிஞர் எழுதினர். 1937இல் கட்டாய இந்தியை எதிர்த்து நின்றார்; 1938இற் புலவர் கல்லூரி நிறுவினார். 1941இல் வடநாட்டுச் செலவின்போது உயிர் நீத்தார்.

தாம் பெற்ற பதவியையும் பொழுதையும் பள்ளியாகவும் இதழாகவும் கல்லூரியாகவும் மாற்றிய பெருமையே அவர் வாழ்க்கையில் யாம் காண்பது. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குதல் எளிது. எமக்கும் அது கைவந்ததே. ஆயினும் எம் கரையில் வீசும் காற்றின் பெயரை யாம் அறிந்திலோம்.

மறுநாட் காலை குறிப்பேட்டுடன் முதியவரை நாடிச் சென்றோம். அவர் சலியாது சொன்னார். யாம் மாணாக்கராய் மணலில் அமர்ந்து எழுதினோம். காற்று, மீன், வலை, படகு என ஏடு நிறைந்தது.

அன்புள்ள மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறையில் நீவிரும் ஊர் செல்லுங்கால் ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுமின். உழவரிடத்தும் வலைஞரிடத்தும் கேட்டு எழுதுமின். சொல்லித் தரும் முதியோர் நெடுநாள் காத்திரார்.