தவளையை எப்போது மாற்றுவது?

தூண்டில் வீசுவது பெரிய வித்தை இல்லை. பத்து நாள் பழகினால் யாருக்கும் கை வந்துவிடும். கஷ்டமெல்லாம் வீசிய பிறகு எதுவுமே நடக்காத அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. முப்பது முறை வீசியாயிற்று. ஒன்றும் தொடவில்லை. இப்போது நரம்பின் முனையில் இருப்பதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவதா, இதையே இன்னும் பத்து முறை வீசிப் பார்ப்பதா? சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கத்து ஏரிக்கரைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இதைப் பற்றித்தான்.

நாங்கள் தேடிப் போவது விரால். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் மண்புழுவோ, மைதா உருண்டையோ போதும். விரால் அப்படி இல்லை. அது வேட்டைக்காரன். ஆகாயத்தாமரைக்கு அடியில் அசையாமல் கிடந்து, மேலே தவளையோ சின்ன மீனோ போனால் ஒரே பாய்ச்சலில் அடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் உயிருள்ள தவளையையே முள்ளில் குத்திப் போட்டார்கள். இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. கடையில் 'ஃப்ராக் லூர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. மீன் கவ்வியதும் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். யார் யோசித்தார்களோ, நல்ல யோசனை. தவளைகளும் தப்பித்தன. தவளைக்கால் ஏற்றுமதிக்கு இந்தியா 1987-லேயே தடை போட்டுவிட்டது. ஏரிக்கரைத் தவளைக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது இந்த ரப்பர் பொம்மைதான் என்று எனக்குத் தோன்றும்.

என் தம்பியிடம் இப்படிப் பதினான்கு தவளைகள் இருக்கின்றன. பச்சை, மஞ்சள், வெள்ளை, புள்ளி போட்டது, வாலில் தகடு சுழல்வது, குழிவான வாயால் தண்ணீரைத் துப்பிக்கொண்டு வருவது. கல்லூரிக்குக் கொடுக்கும் பாக்கெட் மணி எங்கே போகிறது என்பது அம்மாவுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். ஐந்து வீச்சுக்கு ஒரு தவளை என்பது அவன் கணக்கு.

எங்கள் பக்கத்தில் நிற்கும் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய மாத்திரை டப்பா, அதற்குள் மூன்றே மூன்று தவளைகள். காலை முழுவதும் ஒருமுறை மாற்றினால் அதிகம். மாதத்தில் இரண்டு, மூன்று விராலாவது அவர் கையில் ஏறும்.

(ஏரிக்கரையில் ஒரு பெண் தூண்டிலோடு நின்றால் மீன்களைவிட மனிதர்கள்தான் அதிகம் பின்தொடர்வார்கள். அது தனிக் கட்டுரை. தாத்தாவும் தம்பியும் இருப்பதால் எனக்கு அந்தத் தொல்லை குறைவு.)

"தாத்தா, எப்போ மாத்தணும்னு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மீன் இருக்கா, இல்லையா, அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

இந்தக் கேள்விக்கு விராலைப் போலப் பதில் சொல்லும் மீன் குறைவு. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றை வாங்கிக்கொள்ளத் தனி அறை உண்டு. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். எங்கள் ஏரிகளில் கழிவுநீர் கலந்து தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்த பிறகும் அது பிழைத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். மேலே வரும்போது 'க்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். செடிகளுக்கு இடையில் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டால் மீன் இருக்கிறது. ஒரு மணி நேரமாக எதுவுமே மேலே வரவில்லை என்றால், மாற்ற வேண்டியது தவளையை இல்லை, நிற்கிற இடத்தை. தாத்தா இருபதடி நகர்வார். மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்தால் நேராகக் கலங்கல் பக்கம் போய்விடுவார். இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேர்பவை. புதுத் தண்ணீர் ஓடும் வழியில் மீனும் ஓடும்.

சரி, மீன் இருக்கிறது, ஆனால் அடிக்கவில்லை. இப்போதும் உடனே கழற்றுவதில்லை. வேகமாக இழுத்ததை மெதுவாக இழுப்பார். பிறகு ஒரு ஜாண் இழுத்து நிறுத்தி, தண்ணீர் அலை அடங்கும்வரை சும்மா விடுவார். நிஜத் தவளை நிற்காமல் நீந்திக்கொண்டே போகாதே! பிறகு அதே இடத்துக்கு வேறு பக்கத்திலிருந்து வீசுவார். இவ்வளவும் ஆன பிறகுதான் டப்பா திறக்கும். அப்போதும் இஷ்டத்துக்குக் கை போகாது. மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கி இருந்தால் கறுப்புத் தவளை. கலங்கலில் போய்க் கறுப்பா என்று கேட்காதீர்கள். மீன் கீழேயிருந்து வானத்தைப் பார்க்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புதான் பளிச்சென்று தெரியும். தண்ணீர் தெளிந்திருந்தால் பச்சை. செடி அடர்த்தியாக இருந்தால் கனமான தவளை, இலைகளை அழுத்திக்கொண்டு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். நிறத்தையும் வேகத்தையும் இடத்தையும் சேர்த்து மாற்றினால், மீன் எதற்காக அடித்தது என்று எப்படித் தெரியும்?

என் வேலைக்கும் இது பொருந்துகிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தி ஓடவில்லை என்றால் பத்து நிமிடத்தில் தலைப்பை மாற்று, படத்தை மாற்று என்று குரல்கள் வரும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, பிறகு ஓடியது எதனால் என்று மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்போம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மஸ்கி என்று ஒரு மீன் இருக்கிறது. நன்னீரில் வாழும் நீளமான வேட்டை மீன்; ஓர் ஆள் கைகளில் ஏந்திப் பிடிக்கும் அளவுக்கு வளரும். விஸ்கான்சின் மாநிலம் 1955-ல் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பத்தாயிரம் வீச்சு மீன்'. அத்தனை முறை வீசினால்தான் ஒன்று மாட்டுமாம். அதனிடம் ஒரு குணம். லூருக்குப் பின்னாலேயே படகு வரைக்கும் வரும், பார்க்கும், கடிக்காமல் திரும்பிப் போய்விடும். அதனால் அங்கே தேர்ந்தவர்கள் லூரை உடனே தூக்குவதில்லை. படகு ஓரத்தில் தண்ணீருக்குள்ளேயே எட்டு என்ற எண்ணைப் போலச் சுழற்றுவார்கள். பல மீன்கள் அந்தக் கடைசித் திருப்பத்தில்தான் கடிக்கும். அப்போதும் கடிக்காவிட்டால்தான் லூரை மாற்றலாமா என்ற பேச்சே.

விராலும் பின்தொடரும். தவளைக்குப் பின்னால் தண்ணீரில் அம்பு முனைபோல ஒரு கோடு வரும். தாத்தாவைப் பொறுத்தவரை அந்தக் கோடுதான் மாற்றுவதற்கான உத்தரவு. "வந்துச்சு, பாத்துச்சு, வேணாம்னு போச்சு. இப்போ மாத்து. அதுக்கு முன்னாடி மாத்துறது உனக்குப் போரடிக்குதுன்னு மாத்துறது" என்பார். அடித்துத் தவறவிட்ட மீனுக்கும் இதே வழிதான். அதே இடத்துக்கு, கொஞ்சம் நேரம் விட்டு, முன்னதைவிடச் சின்னத் தவளை.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலை. எந்த ஏரி என்று சொல்லப் போவதில்லை. கரையிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில், செடி விலகிய ஓர் இடத்தில், தண்ணீர் கொதிப்பதுபோலச் சின்னச் சின்னக் குமிழ்கள். உற்றுப் பார்த்தால் செங்கல் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், ஒரே பந்தாக. அவையும் காற்றுக் குடிக்க மேலே வந்துதான் ஆக வேண்டும். அவற்றுக்குச் சரியாகக் கீழே ஒரு கறுத்த நிழல்.

விரால் முட்டை மிதக்கும். முட்டையிலிருந்தே தாயோ தகப்பனோ கூடவே நின்று காக்கும். குஞ்சுகள் பெரிதாகும்வரை சில வாரங்கள் அந்தக் காவல். அந்த நேரத்தில் அதற்குப் பசியெல்லாம் கணக்கில்லை. குஞ்சுகளின் பக்கம் எது வந்தாலும் அடிக்கும். பச்சைத் தவளையா, கறுப்பா, வேகமா, மெதுவா என்ற எந்தக் கேள்வியும் வேண்டாம். பழைய செருப்பைக் கட்டிப் போட்டாலும் பாயும்.

தம்பிக்கு இது தெரியும். மூன்று மாதமாக ஒரு விரால்கூட அவன் கையில் ஏறவில்லை. அவனோடு ஆரம்பித்த நண்பன் இரண்டு கிலோ மீனோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். "அக்கா, ஒரே வீச்சு. பிடிச்சு போட்டோ எடுத்துட்டு உடனே விட்டுடறேன்" என்றான். ஏரித் தண்ணீரின் லட்சணத்தால் எங்கள் வீட்டில் இந்த மீனைச் சமைப்பதில்லை. எப்படியும் திருப்பி விடத்தான் போகிறோம். அவன் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது.

தாத்தா திட்டவில்லை. குஞ்சுகளைச் சுற்றிக் கையைக் காட்டினார். ஓரத்தில் ஜிலேபிக் கூட்டம். செடி மேல் இரண்டு கொக்குகள். "நீ போட்டோ எடுக்குற ரெண்டு நிமிஷம் அதுங்க சும்மா நிக்குமா தம்பி?" என்றார்.

தம்பி கொஞ்ச நேரம் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தான். ராடை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தான். முடிச்சை ஒட்டி நரம்பை வெட்டினான். தவளையைப் பெட்டியில் போட்டான். வேறு எதையும் மாட்டவில்லை. வெட்டிய நரம்புத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டான்; கொக்குக் காலில் சுற்றிவிடும் என்று தாத்தா சொல்லி வைத்திருக்கிறார்.

எதிர்க்கரையில் இரண்டு பையன்கள் தூண்டிலோடு வந்தார்கள். தாத்தா குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அவர்கள் மதகுப் பக்கமாக நகர்ந்துபோனது மட்டும் தெரிந்தது.

அடுத்த ஞாயிறும் போனோம். குஞ்சுகள் விரல்கடை நீளம் வளர்ந்திருந்தன. செங்கல் நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தது. எண்ணிக்கை குறைந்திருந்ததுபோலத் தோன்றியது. நிழல் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு பெய்த பெருமழையில் ஏரி வழிந்தது. அந்த இடத்தில் எதையும் பார்க்க முடியவில்லை.

தம்பிக்கு இன்னும் விரால் மாட்டவில்லை. பதினைந்தாவது தவளை வாங்கியிருக்கிறான். கறுப்பு.