பயிர் காக்கும் குளவி

குளவி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலர் அஞ்சுவர். அதன் கொடுக்கு நம் நினைவுக்கு வருமேயன்றி, அதன் தொழில் நினைவுக்கு வருவதில்லை. நமக்குத் துன்பம் தருவனவற்றை நாம் எளிதில் மறப்பதில்லை. ஓசையின்றி நன்மை செய்வனவற்றையோ அறிந்துகொள்ளவும் முயல்வதில்லை. குளவி இனத்துள் பெரும்பாலானவை மனிதரைக் கொட்டுவதே இல்லை. அவற்றுள் எள்ளினும் சிறியன பல உண்டு. அச்சிறு குளவிகள் உழவர்க்குச் செய்யும் உதவியைக் குறித்து நான் கண்டும் கேட்டும் கற்றும் அறிந்தவற்றை இங்கே கூறுகிறேன்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. நான் வித்துவான் வகுப்பில் பயின்ற காலத்தில் என் ஆசிரியர் இவ்வுவமையை விரித்துரைப்பார். குளவி மண்ணால் கூடு கட்டுகிறது. பச்சைப் புழுவைக் கொண்டுவந்து அதனுள் அடைக்கிறது. சில நாள் கழித்து அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி ஒன்று வெளிவருகிறது. உள்ளே சென்றது புழு. வெளியே வந்தது குளவி. ஆதலின் புழுவே குளவியாயிற்று என்று முன்னோர் கொண்டனர். நல்லாசிரியன் தன் மாணவனைத் தன்னைப் போலவே ஆக்குவதற்கு இதனினும் அழகிய உவமை ஏது?

உவமை அழகியதே. ஆயினும் கூட்டினுள் நிகழ்வது வேறு. தாய்க்குளவி கூட்டைக் கட்டி, அதன் முகட்டிலிருந்து மெல்லிய இழையொன்றில் தன் முட்டையைத் தொங்கவிடுகிறது. பின்னர்ப் புழுக்களைத் தேடிச் சென்று கொட்டுகிறது. கொட்டுண்ட புழு இறப்பதில்லை, அசைவற்றுக் கிடக்கிறது. இறந்தால் அழுகிவிடும் அன்றோ? அதனை உயிருடன் கூட்டில் வைத்து வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுத் தாய் சென்றுவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் இளங்குளவி அப்புழுக்களைத் தின்று வளர்ந்து, சிறகு பெற்று வெளிவருகிறது. முன்னோர் முதலையும் முடிவையும் கண்டனர். நடுவே நிகழ்ந்ததை மண்சுவர் மறைத்துக்கொண்டது.

கூடு கட்டும் உழைப்பையும் மேற்கொள்ளாத குளவிகள் சில உண்டு. அவை பிற பூச்சியின் உடலையே தம் குஞ்சுக்குக் கூடாகவும் உணவாகவும் ஆக்கிவிடுகின்றன. இவற்றை ஒட்டுண்ணிக் குளவிகள் என்பர். கரும்பு பயிரிடும் உழவர், சிறு அட்டைகளை வாங்கிவந்து கரும்புத் தோகையில் கட்டுவதை நீங்கள் கண்டிருக்கலாம். அவ்வட்டையில் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணி இருக்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதியளவே. கரும்பைத் துளைக்கும் புழுவின் தாயாகிய அந்துப்பூச்சி இலையில் முட்டையிட்டவுடன், இக்குளவி அதன்மேல் ஏறி நடக்கிறது. உணர்கொம்புகளால் தட்டித் தட்டி அதன் அளவை அறிகிறது. முட்டை பெரிதாயின் பல முட்டைகளையும், சிறிதாயின் சிலவற்றையும் அதனுள் இடுகிறது. சில நாளில் அந்த முட்டை கறுத்துவிடும். அதிலிருந்து புழு வருவதில்லை, குளவியே வரும். பகைவன் பிறக்குமுன்னரே பகை முடிந்துவிடுகிறது.

பரந்த வயலில் ஒரு புழு எங்கே இருக்கிறது என்பதை இத்துணைச் சிறிய உயிர் எங்ஙனம் அறிகிறது? பயிரே அதனை அழைக்கிறது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். மக்காச்சோள இலையைப் புழு தின்னும்போது, அதன் வாய்நீர் இலையில் படுகிறது. அதன்பின் அப்பயிர் ஒருவகை மணத்தை வெளியிடுகிறது. குளவி அம்மணத்தைப் பற்றிக்கொண்டு புழு இருக்கும் இடத்தை அடைகிறது. அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் 1990-ஆம் ஆண்டில் இதனை ஆய்வின் வாயிலாக வெளியிட்டனர். கத்தியால் கீறிய இலை அவ்வளவு மணத்தை விடுவதில்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் விடுகிறது. வாயில்லாப் பயிர் என்று நாம் சொல்லுகிறோம். அது வாய் திறவாமலே தன் துணைவரைக் கூவி அழைக்கின்றது.

இனி, பெருநிலப் பரப்பொன்றின் உணவையே ஒரு குளவி காத்த வரலாற்றைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களுக்கு மரவள்ளிக் கிழங்கே அன்றாட உணவு. 1970-களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவிலிருந்து மாவுப்பூச்சி ஒன்று அங்கே புகுந்தது. வெண்மாவு பூசினாற்போன்ற அப்பூச்சி, குருத்தில் கூட்டங்கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். குருத்து சுருண்டு குட்டையாகும், கிழங்கு பருக்காது. தன் தாயகத்தில் அப்பூச்சி இவ்வாறு பெருகவில்லை. அங்கே அதற்குப் பகைவர் இருந்தனர். புதிய நாட்டிலோ அப்பகைவர் இல்லை. இதனை உணர்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஹெரன். அவர் நைசீரியாவின் இபதான் நகரில் இருந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் 1979-இல் பணி ஏற்றார். தென்னமெரிக்காவில் நாடு நாடாகத் தேடல் நடந்தது. 1981-இல் பராகுவே நாட்டில் அப்பூச்சியும், அதனுள் வாழும் ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தன. அக்குளவியால் வேறு தீங்கு நேராது என்று ஆய்ந்து தெளிந்த பின்னரே, ஆப்பிரிக்காவில் அதனை வளர்த்துப் பரப்பினர். வானூர்தியிலிருந்தும் தூவினர். ஆண்டுகள் சில சென்றன. நாடு பலவற்றில் மாவுப்பூச்சி அடங்கியது. ஹெரனுக்கு 1995-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் காணப்பட்டது. பின்னர்ச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களிலும் பரவியது. நாங்கள் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் அப்பயிரை நம்பியே எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் பல வாழ்கின்றன. என் தம்பியும் மூன்று ஏக்கரில் அதனைப் பயிரிட்டிருந்தான். மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணம் முழுதும் அவ்வயலில் இருந்தது. வாரந்தோறும் மருந்து தெளித்தான். பூச்சி சில நாள் குறையும், மீண்டும் பெருகும்.

பெங்களூரில் உள்ள தேசிய நிறுவனத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வருவித்து வளர்த்தனர். 2022-ஆம் ஆண்டில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதனை உழவர்க்கு வழங்கத் தொடங்கினர். தம்பியும் வாங்கிவந்தான். அதனை வயலில் விட்டபின் மருந்து தெளிக்கலாகாது என்று அலுவலர் கூறியிருந்தார்.

“அண்ணா, கண்ணெதிரே குருத்துச் சுருள்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுகிறார்களே!” என்றான் தம்பி. பக்கத்து வயல்காரர் மருந்தடிக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவன் முகம் வாடும். “மருந்து பகைவனையும் கொல்லும், காக்க வந்தவனையும் கொல்லும். இன்னும் சில வாரம் பொறுத்திரு, தம்பி,” என்றேன். சொல்லுதல் எனக்கு எளிது. பொறுத்தல் அவனுக்கு அரிது. ஆயினும் அவன் பொறுத்தான்.

பழைய ஏடுகளின் சிற்றெழுத்தைப் படிப்பதற்கு என்னிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று உண்டு. ஒரு நாள் அதனை எடுத்துக்கொண்டு வயலுக்குச் சென்றேன். இலையின் அடியில் மாவுப்பூச்சிகள் சில வெண்மை இழந்து, பழுப்பு நிறமாகத் தடித்துக் கிடந்தன. அவற்றின் முதுகில் ஊசி குத்தினாற்போன்ற வட்டத்துளை காணப்பட்டது. அது குளவி பிறந்து வெளியேறிய வாயில். தாய்க்குளவி ஒரு பூச்சிக்கு ஒரு முட்டையாகவே பெரும்பாலும் இடுகிறது. பெரிய பூச்சியினுள் பெண் மகவையும், சிறியதினுள் ஆண் மகவையும் வைக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய குளவி வெளிப்பட்டு, அடுத்த பூச்சியைத் தேடிப் புறப்படுகிறது. கூலியும் கேட்பதில்லை, ஓய்வும் கேட்பதில்லை.

அவ்வாண்டு தம்பிக்கு முழு விளைச்சல் கிடைத்தது என்று சொல்லமாட்டேன், கிழங்கு குறைவுதான். திருமணமும் ஓராண்டு தள்ளிற்று. ஆயினும் அடுத்த நடவுக்கு வேண்டிய நல்ல விதைக்குச்சிகள் அவன் வயலிலேயே கிடைத்தன. மறு ஆண்டு அவன் மருந்துக்குச் செலவிடவில்லை. மகளின் திருமணத்தையும் நடத்தினான்.

மாணவர்களே, குளவி நம்மீது அன்பு கொண்டு பயிரைக் காப்பதில்லை. தன் குஞ்சைக் காப்பதற்கே அது உழைக்கிறது. அவ்வுழைப்பின் பயன் நமக்கும் வந்து சேர்கிறது. அதனைப் பெறுவதற்கு நாம் செய்ய வேண்டுவது இரண்டே. ஒன்று, வயலில் உள்ள சிற்றுயிர்களுள் பகை எது, துணை எது என்று உற்று நோக்கி அறிதல். மற்றொன்று, அறிந்தபின் துணையை அழிக்காமல் பொறுத்திருத்தல். அறிவு நூலாலும் கண்ணாலும் வரும். பொறுமையை நாமே பழகிக்கொள்ள வேண்டும். நாளை உங்களுள் பலர் உழவராகலாம்; சிலர் ஆராய்ச்சியாளராகலாம். எத்தொழில் செய்யினும், மருந்தைக் கையில் எடுக்குமுன் இலையின் அடிப்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.